விகாச நௌகேயில் படம் தெரிந்த நாள்

சுந்தரமூர்த்தி வேலை பார்த்த வாரியத்துக்கு ஒரே ஒரு படகு இருந்தது. பெங்களூர் ஏரிகளுக்கிடையே படகுப் போக்குவரத்தை வளர்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட வாரியம் அது. ஏரிகளுக்கிடையே வீடுகளும் ரோடுகளும் ஒரு ரயில் பாதையும் இருக்கின்றன என்பது வாரியம் ஏற்பட்ட பிறகு நடந்த முதல் ஆய்வில் தெரியவந்தது. எனவே போக்குவரத்தை ஒரே ஏரிக்குள் நடத்துவதென்று முடிவாயிற்று. பீன்யாவைத் தாண்டி உள்ளே போனால் வரும் சிக்கேனஹள்ளி ஏரியின் கிழக்குக் கரையில் படகு கிளம்பும். மேற்குக் கரைக்குப் போகும். அங்கே ஏறவோ இறங்கவோ யாரும் இல்லாததால் திரும்பி வரும். அதற்கு 'விகாச நௌகே', அதாவது வளர்ச்சிப் படகு என்று கன்னடத்தில் பெயர் வைத்திருந்தார்கள்.

அலுவலகம் ஏரிக்கரையில் இல்லை. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் இருந்தது. பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஏழு பேர் படகைக் கண்ணால் பார்த்ததில்லை. படகை ஓட்டிய சண்முகம் தினக்கூலி என்பதால் அந்தப் பதினோரு பேரில் சேரவில்லை. ஒன்பது வருஷமாக அவர்தான் ஓட்டினார். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு ஐந்து வருஷமாகச் சுந்தரமூர்த்தியின் மேசையில் இருந்தது. நிர்வாகப் பிரிவில் முதல்நிலை உதவியாளர் அவர். ஆள் நியமனக் கோப்புகளும் அவருக்கு, விருந்தினருக்கு மாலை, பன்னீர், பிஸ்கட் வாங்கும் பொறுப்பும் அவருக்கு.

1997ஆம் வருஷம் வாரியத்துக்குப் புதிய சேர்மன் வந்தார். வந்த மூன்றாம் மாதம் தொலைக்காட்சியில் அவரை அரைமணி நேரம் பேட்டி எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஒளிபரப்பாகும் என்று கடிதம் வந்தது. ஏரிகளைப் பற்றித் தான் பேசியதை ஏரியின் நடுவே, ஓடும் படகில் உட்கார்ந்து, விருந்தினரோடு பார்க்க வேண்டும் என்று சேர்மன் ஆசைப்பட்டார். ஆசை அன்று மத்தியானமே உத்தரவாக மாறி, 'படகில் ரிசப்ஷன் ஏற்பாடு' என்ற தலைப்பில் ஒரு கோப்பாகப் பொறியியல் பிரிவுக்குப் போனது.

பொறியியல் பிரிவு என்பது மைக்கேல்ராஜ். அவர் கோப்பை மூன்று நாள் வைத்திருந்து, 'ரிசப்ஷன் என்றால் வரவேற்பு. வரவேற்பு நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தது' என்று எழுதிச் சுந்தரமூர்த்திக்குத் தள்ளிவிட்டார். சுந்தரமூர்த்தி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, சந்தன மாலைக்குச் சொல்லிவிட்டு, பிறகுதான் கோப்பைப் பிரித்துப் படித்தார். படித்ததும் எழுந்து மைக்கேல்ராஜிடம் ஓடினார்.

"மைக்கேல் சார், இது டி.வி. ரிசப்ஷன். ஆன்டெனா சமாசாரம்."

"எனக்குத் தெரியாதா? ஆனா தலைப்புல டி.வி.ன்னு எங்க இருக்கு? நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டீங்க. இனிமே அது உங்க ஃபைல்."

சுந்தரமூர்த்தி செயலாளரிடம் போனார். செயலாளர் வெங்கடசுப்ரமணியன் மூன்று தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகம் பார்த்த மல்லேஸ்வரம் குடும்பத்துக்காரர். கோபப்படவே மாட்டார்.

"ஆன்டெனா பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார்."

"ஒள்ளேதாப் போச்சு" என்றார் செயலாளர். நல்லதாகப் போயிற்று என்பதைப் பாதி கன்னடத்தில் சொல்வது அவர் வழக்கம். "தெரிஞ்சவன்கிட்ட குடுத்தா காரணம் சொல்லுவான். தெரியாதவன்தான் வேலை செய்வான். அந்த சூப்பரிண்டெண்ட் போஸ்ட் வேற காலியா இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

சுந்தரமூர்த்தி யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரே நாற்காலி. மனைவி உஷாவின் அண்ணன்கள் இரண்டு பேரும் எப்போதோ மேலே போய்விட்டார்கள். ஒவ்வொரு விசேஷத்திலும் "இன்னும் அதே சீட்டுதானா மாப்ளே?" என்று கேட்கிறார்கள். அவர் கோப்போடு தன் இடத்துக்குத் திரும்பினார்.

ஒரு சின்னக் கலர் டி.வி.யும், அதற்கு லாரி பேட்டரியும், மீன் முள்ளைப் போன்ற ஒரு அலுமினிய ஆன்டெனாவும் வந்தன. ஆன்டெனாவைப் படகின் தகரக் கூரைமேல் நட்டார்கள். படகு கரையில் கட்டியிருந்தபோது படம் கண்ணாடி போலத் தெரிந்தது. கிளம்பி நூறடி போய்ச் சற்றே திரும்பியதும் ஒரு ஆள் இரண்டு ஆளானார். இன்னும் கொஞ்சம் திரும்பியதும் இரண்டு பேரும் புள்ளிகளுக்குள் போய்விட்டார்கள்.

செயலாளர் கூட்டம் போட்டார்.

"பிரச்சினை ஆன்டெனாவுல இல்லை. படகுலதான் இருக்கு" என்று அவர் தொடங்கினார். "படகு ஏன் திரும்பறது? யார் அனுமதி குடுத்தா?"

"கரை வந்துடும் சார், அதனாலதான்" என்றார் சுந்தரமூர்த்தி.

கரை வருவதற்கு முன் நின்று, அப்படியே பின்னோக்கி வர வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. மறுநாள் சண்முகம் தீர்மானத்தை நிறைவேற்றினார். நேராக டி.வி. கோபுரம் இருக்கும் திசையில் போனார், நிறுத்தினார், பின்னோக்கி வந்தார். பாதி வழியில் ஆகாயத்தாமரைக் கொடிகள் படகின் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டன. சண்முகம் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கி இரண்டு மணி நேரம் அறுத்தார். அதுவரை சுந்தரமூர்த்தி படகில் உட்கார்ந்து தெளிவான படத்தில் விவசாய நிகழ்ச்சி பார்த்தார். படத்தின் தரத்தைக் குறிக்கச் செயலாளர் ஒரு படிவம் கொடுத்திருந்தார். பேசுபவரின் முகம் தெரிந்தால் 'சுமார்', மூக்கு தெரிந்தால் 'நன்று', மீசை தெரிந்தால் 'மிக நன்று'. சேர்மனுக்கு மீசை உண்டு. விவசாய நிகழ்ச்சி நடத்தியவர் ஒரு பெண்மணி என்பதால் சுந்தரமூர்த்தி அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினார்.

அடுத்து கேபிள். கரையிலிருந்த கேபிள்காரரைப் பிடித்து நீளமான வயரை உருளையில் சுற்றி, படகு போகப் போக விட்டுக்கொண்டே வந்தார்கள். ஏரியின் நடுவில் வயர் தீர்ந்தது. படகு தீரவில்லை. டி.வி. மேசையிலிருந்து இறங்கி, கரையைப் பார்த்துக் கிளம்பியது. சுந்தரமூர்த்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகின் பின்விளிம்புவரை கூடவே போனார். சண்முகம் எஞ்சினை அணைத்ததால் இருவரும் பிழைத்தார்கள்.

ஒளிபரப்புக்கு நான்கு நாள் இருந்தது. சுந்தரமூர்த்திக்குத் தூக்கம் போய்விட்டது. புதன்கிழமை, கரையில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சண்முகம்தான் வந்து சொன்னார்.

"இந்தக் கம்பி ஒரே பக்கம்தாங்க சார் பாக்கணும். படகு திரும்புனா நாம அதத் திருப்பிக்கணும். அவ்ளோதான்."

"படகு எப்பத் திரும்பும்னு எப்படித் தெரியும்?"

"கால்ல தெரியும் சார்."

சண்முகம் தகரக் கூரைமேல் ஏறி, நட்டிருந்த கம்பைப் பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். வாரியத்தின் ஜீப் டிரைவரை எஞ்சின் பக்கம் உட்காரவைத்தார்கள். படகு வளைந்தது, நெளிந்தது, முழு வட்டம் அடித்தது. படம் அசையவில்லை. சண்முகத்தின் பாதங்கள் தகரத்தின்மேல் மெதுவாக அரைவட்டம் போடும் சத்தம் மட்டும் உள்ளே கேட்டது. சுந்தரமூர்த்தி படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். கை நடுங்கியது.

செயலாளர் கேட்டு மகிழ்ந்தார். "பேஷ். ஆனா எழுத்துல எதுவும் வேண்டாம். மனுஷனை ஆன்டெனாவா வெச்சுக்க ரூல் கிடையாது. வாயால சொல்லுங்கோ, போறும்."

"அவன் பெர்மனென்ட் ஃபைல் இருக்குங்க சார். அஞ்சு வருஷமா..."

"ஞாயித்துக்கிழமை நன்னா நடக்கட்டும். திங்கட்கிழமை கொண்டு வாங்கோ. பேனாவைத் திறந்தே வெச்சிருக்கேன்."

சுந்தரமூர்த்தி அதை வாயால் சொன்னார். சண்முகம் இரண்டு கையையும் கூப்பினார். மைக்கேல்ராஜ் மட்டும், கூரையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிக்க வேண்டும் என்றார். அந்தச் செலவை எழுத வரவுசெலவுக் கணக்கில் தலைப்பு இல்லாததால் கம்பி அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் பத்துப் பேர் வந்தார்கள். பெண்களுக்குப் பூக் கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதால் சுந்தரமூர்த்தி உஷாவையும் அழைத்து வந்திருந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை அவரே இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். சேர்மன் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தரைக்குத் திரையில் சேர்மன் வந்தார். மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. விருந்தினர்கள் நாற்காலியில் இருந்த சேர்மனையும் திரையிலிருந்த சேர்மனையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார்கள். செயலாளர் சுந்தரமூர்த்தியின் தோளைத் தட்டினார். கூரையில் பாதங்கள் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுந்தரமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. உஷாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து ஐம்பதுக்கு ஒரு நாரைக் கூட்டம் தண்ணீரிலிருந்து எழுந்து படகுக்குக் குறுக்கே வந்தது. ஜீப் டிரைவர் பிரேக் போட்டார். படகில் பிரேக் கிடையாது. கால் வெறும் பலகையை மிதித்ததும் பயந்துபோய்ச் சக்கரத்தை ஒடித்துத் திருப்பி, எஞ்சினை அணைத்தார். திரையில் சேர்மன் அப்போது, "நம்ம வாரியத்தின் முதுகெலும்பே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகரத்தில் ஒரு சறுக்கல் சத்தம். பிறகு தண்ணீரில் ஒரு சத்தம். திரை முழுவதும் புள்ளிகள்.

சுந்தரமூர்த்திக்கு இரண்டு சத்தமும் தெளிவாகக் கேட்டன. அவர் கூரையைப் பார்த்து, உரக்க, "சண்முகம், படம் போச்சு" என்றார்.

சேர்மன் செயலாளர் பக்கம் சாய்ந்து, "முந்தே ஏனு ஹேளிதே நானு?" என்று கேட்டார். அதற்குமேல் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே நினைவில்லை. செயலாளருக்கும் தெரியவில்லை. "ரொம்ப முக்கியமானதைத்தான் சொல்லியிருப்பீர்கள்" என்று கன்னடத்தில் சமாளித்தார்.

அப்போது படம் திரும்பி வந்தது. முன்னைவிடத் தெளிவாக வந்தது. விருந்தினர்கள் கை தட்டினார்கள். சுந்தரமூர்த்தியும் தட்டினார்.

"கீழ பாருங்க" என்றாள் உஷா. யாரும் பார்க்கவில்லை. அவள் எழுந்து நின்று, "கைதட்டுறத நிறுத்திட்டுக் கீழ பாருங்க" என்றாள்.

படகுக்குப் பக்கத்தில், மார்பளவுத் தண்ணீரில் சண்முகம் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஆகாயத்தாமரை கிடந்தது. இடது கை தோளிலிருந்து பிசகித் தொங்கியது. வலது கையால் ஆன்டெனாவைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, டி.வி. கோபுரத்தின் பக்கம் காட்டிப் பிடித்திருந்தார்.

பழைய காலத்துக் கல்தூண் ஒன்று தண்ணீருக்கடியில் இருந்திருக்கிறது. தோளெலும்பு அதில் மோதி இரண்டாக உடைந்துவிட்டது. ஜீப்பில் அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது பேட்டி முடிந்திருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உஷா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"ஆள் விழுந்துட்டாருன்னு சொல்லல நீங்க. படம் போச்சுன்னு சொன்னீங்க."

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் போடவே இல்லை.

திங்கட்கிழமை அவர் சண்முகத்தின் கோப்போடு செயலாளர் அறைக்குப் போனார். பேனா திறந்துதான் இருந்தது. செயலாளர் முன்னால் வேறொரு கோப்பு இருந்தது. விபத்தை விசாரிக்க ஒருநபர் குழு. குழு செயலாளர்தான். குழுவுக்கு அறிக்கை எழுதித் தர வேண்டியவர் சுந்தரமூர்த்தி.

"யாரையும் தப்பு சொல்ல வேண்டாம், மூர்த்தி. நமக்கு அது பழக்கமில்லை" என்றார் செயலாளர். "நடந்ததை மட்டும் எழுதுங்கோ. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. தினக்கூலிக்கு ஞாயித்துக்கிழமை மஸ்டர்ரோல்ல பேர் பதியறது கிடையாது. மஸ்டர்ரோல்ல இல்லாதவன் டியூட்டில இல்லை. டியூட்டில இல்லாதவன் ஊழியன் இல்லை. அப்போ பொதுஜனம். பொதுஜனம் ஒருத்தன் சர்க்கார் படகு மேல ஏறி, சர்க்கார் ஆன்டெனாவைப் பிடுங்கி, தண்ணில குதிச்சிருக்கான். நாம போலீஸுக்கே போகலாம். போகலை. அதுதான் நம்ம மனசு."

"நான்தாங்க சார் ஏறச் சொன்னேன்."

"எழுத்துல இருக்கா?"

"இல்ல சார். நீங்கதான் எழுத வேண்டாம்னு..."

"அதுவும் எழுத்துல இல்லை." செயலாளர் அன்போடு சிரித்தார். "எங்க ஆத்துல தாத்தா காலத்துலேர்ந்து சர்க்கார் உத்தியோகம். ஒரு பொய் எழுதினது கிடையாது. நடக்காததை எழுத மாட்டோம். நடந்ததுல எதை எழுதணுமோ அதை எழுதுவோம். போங்கோ, காபி குடிச்சுட்டு எழுதுங்கோ."

சுந்தரமூர்த்தி காபி குடித்தார். எழுதினார். 'மேற்படி சண்முகம் என்பவர் யாருடைய அனுமதியுமின்றித் தன்னிச்சையாகக் கூரைமேல் ஏறினார்' என்ற வரியை எழுதும்போது கை நடுங்கவில்லை. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவருக்குக் கூசியது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆரஞ்சுப் பழமும் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சண்முகத்தின் வீட்டுக்குப் போனார். ஏரிக்கரைக்குக் கீழே ஒற்றை அறை வீடு. தோளில் மாவுக்கட்டோடு சண்முகம் எழுந்து நிற்கப் பார்த்தார். அவர் மனைவி லட்சுமம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள்.

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்குது சார். கன்னடத்துல இருக்குது. எங்க ரெண்டு பேருக்கும் படிக்க வராது. நீங்கதான் பெரிய மனசு பண்ணி என்னான்னு சொல்லணும்."

சுந்தரமூர்த்தி பிரிக்குமுன்பே தெரிந்துகொண்டார். அவரே டைப் அடித்த நோட்டீஸ். வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் கேட்டது. பொதுஜனத்தை வேலையிலிருந்து எப்படி நீக்குவது என்ற கேள்வி அலுவலகத்தில் எழவில்லை. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"தன்னிச்சையான்னா என்னா சார்?" என்று லட்சுமம்மா கேட்டாள்.

"தானா... தன் இஷ்டத்துக்கு."

"ஓ" என்றாள் அவள்.

'திரு. சுந்தரமூர்த்தி அவர்களின் அறிக்கையின்படி' என்ற இடம் வந்தது. சுந்தரமூர்த்தி அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பதில் எழுதணுங்களே சார்" என்றார் சண்முகம். "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

"நானா?"

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும்ல."

சுந்தரமூர்த்தி மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதினார். தன்னைக் கூரைமேல் ஏறச் சொன்னது நிர்வாகப் பிரிவு உதவியாளர் என்று, சண்முகத்தின் குரலில், தன்னைப் பற்றியே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை. மடித்துக் கொடுத்தபோது சண்முகம் அதை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நேத்தே பக்கத்து வீட்டுப் பொண்ணு நோட்டீஸப் படிச்சுக் காட்டிடுச்சு சார். உங்க பேரும் சொல்லுச்சு. அதான் உங்ககிட்டயே எழுதி வாங்கலாம்னு இருந்தோம். அன்னிக்கி நடந்தது உங்களுக்குத்தானே தெரியும்."

லட்சுமம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். குடிக்காமல் எழுந்தால் அது கோபித்துக்கொண்டு போவதாகிவிடும் என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளும் உரிமை அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் இல்லை.

சண்முகத்தின் விளக்கம் அலுவலகத்துக்கு வந்து, எண் போடப்பட்டு, கருத்துரைக்காக நிர்வாகப் பிரிவுக்கு, அதாவது சுந்தரமூர்த்தியின் மேசைக்கே வந்தது. அவர் எழுதிய பதிலுக்கு அவரே கருத்துச் சொல்ல வேண்டும். இந்த முறை காபி குடிக்காமல் எழுதினார். 'விளக்கத்தில் கூறப்பட்டவை உண்மை. என் அறிக்கை பொய். நானே ஏறச் சொன்னேன். என்மீது நடவடிக்கை எடுக்கலாம்.'

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். அப்போதும் கோபப்படவில்லை.

"நோடி, பாருங்கோ மூர்த்தி, உங்க மனசு எனக்குப் புரியறது. ஆனா ஒரு உதவியாளர் குடுத்த ரிப்போர்ட்டைத் தப்புன்னு சொல்ல உதவியாளருக்கு அதிகாரம் கிடையாது. அதை சூப்பரிண்டெண்ட்தான் சொல்லணும். அந்த போஸ்ட் காலி."

"அப்ப என்னங்க சார் செய்யறது?"

"நிரப்பிட்டாப் போச்சு. உங்களையே போட்டுடறேன். அப்புறம் உங்க ரிப்போர்ட்டை நீங்களே கேன்சல் பண்ணுங்கோ. யார் தடுக்கப் போறா?"

சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் போய் உஷாவிடம் சொன்னார். சண்முகத்துக்காகத்தான் இதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவள், "வாங்கிக்குங்க" என்றாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பதவி உயர்வு உத்தரவு ஒரே வாரத்தில் வந்தது. வாரியத்தின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக நகர்ந்த காகிதம் வேறில்லை. சின்ன விழாவும் நடந்தது. செயலாளர் பேசினார்.

"தன் அறிக்கையைத் தானே குறை சொல்ற அடக்கம் இந்தக் காலத்துல யாருக்கு வரும்? இப்படிப்பட்டவா இருக்கறதாலதான் நம்ம வாரியம் தண்ணில மிதக்கறது."

எல்லோரும் கை தட்டினார்கள். சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அறிக்கையை ரத்து செய்து குறிப்பு எழுதினார். மத்தியானம் அது திரும்பி வந்தது. ஓரத்தில் செயலாளரின் அழகான கையெழுத்தில், 'சூப்பரிண்டெண்ட் தாம் எழுதிய அறிக்கையைத் தாமே மறுபரிசீலனை செய்ய விதியில் இடமில்லை. வேறொரு சூப்பரிண்டெண்ட் நியமிக்கப்படும்வரை நிலுவையில் வைக்கவும்' என்று இருந்தது. வாரியத்தில் ஒரே ஒரு சூப்பரிண்டெண்ட் பதவிதான் இருந்தது. அவர் அந்தப் பதவியை விட்டுவிடுவதாக எழுதினார். ஒப்புக்கொண்ட பதவி உயர்வைத் திருப்பித் தர விதி இல்லை என்று பதில் வந்தது. மைக்கேல்ராஜிடம் போய்ப் புலம்பியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கம்பி அடிக்கச் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் செய்யவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் ஏரி வற்றி, விகாச நௌகே சேற்றில் உட்கார்ந்தது. டி.வி.யைச் செயலாளர் அறைக்குக் கொண்டுபோய்க் கேபிள் கொடுத்தார்கள். சண்முகத்தின் கோப்பு இரண்டும், நிரந்தரமாக்கும் கோப்பும் நீக்கும் கோப்பும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுந்தரமூர்த்தியின் புதிய மேசையில் இருந்தன. இரண்டிலும் அவரால் எதுவும் எழுத முடியவில்லை.

லட்சுமம்மாவிடம் விசாரித்து, இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் சண்முகத்தைத் தேடிப் போனார். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை. நீல யூனிஃபார்ம் போட்டு கேட்டருகே நின்றிருந்தார் சண்முகம். இடது கை மார்புக்கு மேலே எழவில்லை என்பது அவர் தொப்பியைச் சரிசெய்த விதத்திலேயே தெரிந்தது.

"சார், நீங்களா? வாங்க, வாங்க" என்று தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சுந்தரமூர்த்தி உட்காரவில்லை. "உங்க ஃபைல் இன்னும் முடியலைங்க, சண்முகம். நான் எழுதிப் பாத்தேன். அது..."

"விடுங்க சார். இங்க நல்லாத்தான் இருக்கேன். தண்ணி கிடையாது" என்று சிரித்தார். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப் போல, "அன்னிக்கிப் படம் எப்படிங்க சார் வந்திச்சி? நான் மேல இருந்தேனா, பாக்கவே இல்ல" என்றார்.

இந்த ஒரு கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று சுந்தரமூர்த்தி நினைத்தார்.

"நல்லா வந்துச்சுங்க. நடுவுல ஒரு தடவை போச்சு. அப்புறம் நீங்க தண்ணிக்குள்ள நின்னுட்டு தூக்கிப் பிடிச்சீங்களே, அப்ப வந்ததுதான் ரொம்பத் தெளிவு. எல்லாரும் கை தட்டினாங்க."

"ஆமா சார், கேட்டிச்சி" என்றார் சண்முகம். "நான் பொழச்சு மேல வந்துட்டேன்னு தட்டுறாங்கன்னு நெனச்சேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார், அதைச் சொன்னார்.

"நானும் தட்டினேன், சண்முகம்" என்றார் சுந்தரமூர்த்தி.

அதே சமயம் வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. சண்முகம் ஓடிப்போய், ஒற்றைக் கையால் பெரிய இரும்பு கேட்டை இழுத்துத் திறந்தார். ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கார் உள்ளே போய், கேட்டை மூடிவிட்டுச் சண்முகம் திரும்பி வரும்வரை சுந்தரமூர்த்தி அங்கேயே நின்றார், இன்னொரு முறை சொல்வதற்காக.